துண்டு போட்ட இடம்

"பாவாயி" என்று டவாலி மூன்று தரம் கூப்பிட்டதும் அம்மா எழுந்தாள். நீதிபதியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். திரும்பி வாசலை நோக்கி நடந்தாள்.

எப்போதும்போல.

அம்மாவின் அண்ணன் அதற்குள் படிக்கட்டில் இருந்தார். தோள்துண்டை உருவிக் கையில் பிடித்தபடி.

அதுவும் எப்போதும்போலத்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். தேதி தள்ளியதும் அவர் முன்னால் ஓடுவார். ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பார். அம்மாவுக்கும் சேர்த்து.

"எங்கண்ணன் தங்கம்" என்பாள் அம்மா. அந்தத் தங்கத்தின் மேல்தான் அப்பன் நிலத்தில் பாகம் கேட்டு வழக்கு.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வழக்கு நகராது. நிலமும் கிணறும் மாமன் கையில். அவர் ஏன் தங்கமாக இருக்க மாட்டார்?

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் போட்ட வழக்கு. படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். வீட்டில் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தால் ஒரு தேதியைக்கூட முன்னால் இழுக்க முடியவில்லை. அத்தனை வழக்குக்கும் இருந்தது ஒரே நீதிபதி.

"வக்கீலுக்கே படிச்சிருக்கலாமே கண்ணு" என்பார் மாமன், பஸ்ஸில் நிலக்கடலை நீட்டியபடி.

போன வருடம் சட்டசபையில் கை தூக்கி ஒரு சட்டத்தைத் திருத்தினார்கள். மாவட்டத்துக்கு இன்னும் நான்கு நீதிபதிகள். டிவியில் அடியில் ஓடிய ஒற்றை வரி. யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

அந்த வரிதான் இந்த அறை. பெயின்ட் வாடை. பாலித்தீன் உறை பிரிக்காத நாற்காலிகள். கண்ணாடி போட்ட புது நீதிபதி அம்மாள்.

"எங்கம்மா போறீங்க?"

"வாய்தா ஆயிருச்சுங்களே. கெளம்பறனுங்க."

"வாய்தா எல்லாம் இல்ல. கூண்டுல ஏறுங்க. இன்னிக்கு உங்க சாட்சி."

அறை சிரித்தது. டவாலி ஓடிப்போய் மாமனைப் படிக்கட்டிலிருந்து கூட்டிவந்தார்.

அம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்தபடியே கூண்டில் ஏறினாள்.

இத்தனை வருடத்தில் அண்ணனுக்கு எதிராக ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்ததில்லை. வாய்தா அம்மாவையும்தான் காப்பாற்றி வந்திருக்கிறது.

விட்டுக்கொடுத்துவிடுவாள். மகள் நகத்தைக் கடித்தாள்.

மாமனின் வக்கீல் எழுந்தார். "கல்யாணத்துக்கு நகை போட்டாங்க. அதோட உங்க பாகம் முடிஞ்சுது. அண்ணன் மேல உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. சரிதானுங்களே?"

"கொறையே இல்லீங்க."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா நகை போட்டது எங்கய்யனுங்க. நெலமும் எங்கய்யனோடதுங்க. அண்ணன் நல்லவருதான். பஸ்ஸுல எனக்கும் சேத்துத் துண்டு போடுவாரு."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நெலத்துக்கும் அப்படித்தான் போட்டாரு. அங்க மட்டும் என்னைய உக்கார உடலீங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி அதை அப்படியே சொல்ல, தட்டச்சுக்காரர் தட்டினார்.

பஸ்ஸில் சீட்டெல்லாம் நிறைந்துவிட்டது, மாமன் இருந்த சீட்டைத் தவிர.

எந்தச் சீட்டிலும் துண்டு இல்லை. அது மாமனின் தோளிலேயே கிடந்தது. மூன்று பேர் உட்காரும் சீட்டின் நடுவில் அவர் உட்கார்ந்து முன்னால் வெறித்துக்கொண்டிருந்தார்.

அம்மா நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றாள். கேட்கவில்லை. நின்றாள்.

வண்டி கிளம்பியது.

அவர் ஜன்னலோரம் நகர்ந்தார்.

அம்மா தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"நீயும் உக்காரு கண்ணு."

"இருக்கட்டும்மா. நிக்கறேன்."

நின்றால்தான் இரண்டு பேரையும் நன்றாகப் பார்க்க முடிந்தது.