நட்டுவைத்த குச்சிகள்

சீனாவின் சோங்சிங் நகரைச் சுற்றிப் பார்க்க நாள் குறித்தவள் எங்கள் தோழி ஷூலான். அதற்குள் செத்துப்போனாள். குறித்த நாளில் நானும் மிங்யேயும் போனோம். ரோப் காரில் ஆற்றைக் கடந்து, மதியம் மிளகாய்ச் சட்டி கொதிக்கும் கடையில் உட்கார்ந்தோம்.

மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் சோற்றுக் கிண்ணத்தை வைத்து, செத்தவர்களுக்குச் செய்வதுபோல் சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டாள் மிங்யே. ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். குச்சிகள் கிண்ணத்தின்மேல் படுத்திருந்தன, உயிரோடு இருப்பவர்கள் வைப்பதுபோல.

மறுபடி நட்டாள். மறுபடியும் படுத்திருந்தன. நுனியில் மிளகாய் எண்ணெய்.

"பிடிவாதக்காரி! செத்ததையே ஒத்துக்க மாட்டேங்குறாளே!"

"அவளே ஒத்துக்கல, நீ யாருடி நட்டுவைக்க?" என்று சட்டியிலிருந்து குடல்துண்டை எடுத்து அந்தக் கிண்ணத்தில் போட்டேன். "தின்னுடி ஷூலான். இன்னும் மலைக்கோயில் பாக்கியிருக்கு."

நாங்கள் எழுவதற்கு முன்பே மூன்றாவது நாற்காலி பின்னால் நகர்ந்தது.