உப்பளத்தில் ஓர் அபூர்வம்

சித்திரை வெயில் ஏறியதுமே குளிர்காலத்துக்கு வந்திருந்த உள்ளான் பறவைக் கூட்டம் வடக்கே பறந்துவிட்டது. இறக்கை ஒடிந்த ஒருத்தி மட்டும் உப்பள வரப்பில் ஒற்றைக்காலில் நின்றாள். எதிர்வரப்பில் மனிதர்கள் கேமராவும் கையுமாகக் குவிந்திருந்தார்கள்.

பக்கத்திலிருந்த காக்கைக்கு வயிறு எரிந்தது. பிறந்ததிலிருந்து இதே கரையில்தான் அது கத்திக்கொண்டிருக்கிறது. ஒருத்தரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"உன்னை என்னவோ சொல்லிக் கூப்பிடுறாங்களே, என்னது அது?" என்று கேட்டது.

"அபூர்வமாம்."

"கொடுத்து வச்சவ நீ."

உள்ளான் தொங்கிய இறக்கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "கூட்டத்தோட இருந்தவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல, அண்ணே."

காக்கை அவள் பக்கமாக ஓரடி நகர்ந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் உள்ளான் வரப்போரம் செத்துக் கிடந்தாள். காக்கை கிட்டே போய்ப் பார்த்தது. பிறகு, தன் இனத்தில் ஒன்று செத்தால் எப்படிக் கத்துமோ அப்படித் தொண்டை கிழியக் கத்தியது. நாலாபக்கமிருந்தும் காக்கைகள் வந்து அவளைச் சுற்றி இறங்கின. ஒன்றுகூட அவள்மேல் அலகு வைக்கவில்லை.

எதிர்வரப்பிலிருந்து முதல் கல் வந்து விழுந்தது.

"பாவிங்க, கொத்திக் கொன்னுட்டு நிக்குதுங்க பாரு!"