கால் முளைத்த ராடு

புதிதாகச் செய்த தண்ணீர்த் தொட்டி பூவாளி போலத் தெளித்தது. வெல்டிங் முழுக்க ஊசிக்கண் ஓட்டைகள். பட்டறை முதலாளி, வெல்டரான தன் அக்கா மகளைக் கூப்பிட்டார்.

"சல்லடைக்கா ஆர்டர் எடுத்தோம்? கசடைத் தட்டினியா இல்லியா?"

"ஒவ்வொரு வரிசைக்கும் தட்டினேன் மாமா. வெல்டிங் ராடுதான் ஈரம், அதான் ஓட்டை. காயட்டும்னு காலையில சூட்டுப் பெட்டியில வச்சேன். அப்புறம் பாத்தா குழாயடியில கெடக்கு. உங்க அவசரத்துக்கு அதையே ஓட்டினேன்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். எந்திரிச்சுப் போக ராடுக்கென்ன காலா இருக்கு?"

மதியம் வரை திட்டியதில் அவருக்குப் பசித்துவிட்டது. சூட்டுப் பெட்டியைத் திறந்து, ஆவி பறக்கும் தன் சாப்பாட்டு கேரியரை வெளியே எடுத்தார்.

"ராடுக்குக் கால் இல்லதான் மாமா," என்றாள் அவள். "கேரியர் மட்டும் நடந்தா உள்ள போச்சு?"