புள்ளி முதுகு

அமெரிக்காவின் ஐடஹோ மலைப் புல்வெளியில் பைன் மர நிழலில் மட்டும் பனி இன்னும் கரையாமல் கிடக்கிறது. பிக்கப் வண்டியின் பானெட்மேல் மணல்மூட்டையைப் போட்டு, அதில் துப்பாக்கியைச் சாய்த்துக் குனிந்திருக்கிறாள் நெல்டா. காலையிலிருந்து அவள் சுட்டதெல்லாம் பெரிய தரையணில்கள். சிவந்த மூக்கும் புசுபுசு வாலுமாக, வளை தோண்டி மேய்ச்சல் நிலத்தையே சல்லடையாக்குகிற கூட்டம். அவற்றுக்காக அவள் கண் கலங்கியதே இல்லை. இப்போது மறுபடி சீழ்க்கையடிக்கிறாள். சத்தம் கேட்டு வளைவாயில் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. துப்பாக்கியின் குறிநோக்கிக் கண்ணாடிக்குள் சின்ன உடம்பு, மெலிந்த வால். அது திரும்பும்போது முதுகில் வெளிறிய புள்ளிகள் வெயிலில் தெரிகின்றன. அவள் விரல் விசையிலிருந்து விலகுகிறது.

"அந்தச் சின்ன ரகம்தானே?" பைனாகுலரை இறக்காமலே கேட்கிறான் அண்ணன் வெர்லின். "போட்டுத் தள்ளு. அழியப்போற இனம் இங்க இருக்குன்னு வனவிலங்கு அதிகாரிங்களுக்குத் தெரிஞ்சா, நம்ம நெலத்துல நாமளே டிராக்டர் ஓட்ட முடியாது."

"பெருசு புல்லைத் திங்குது, சுடுறேன். இது என்ன பண்ணுச்சு? ஒலகத்துலயே இந்த மலையில மட்டும்தான் மிச்சமிருக்கு."

"எலிக்கு வக்காலத்தா? தள்ளுடி, நான் சுடுறேன்."

அவன் கை துப்பாக்கிக்கு நீள்கிறது. முழங்கையால் அதைத் தட்டிவிட்டு அவளே சுடுகிறாள். அணிலுக்கு ஒரு முழம் முன்னால் மண் தெறிக்கிறது. மெலிந்த வால் வளைக்குள் மறைகிறது.

"தவறிடுச்சே!" என்கிறான் வெர்லின்.

சூடான தோட்டாக்கூடு அவன் பூட்ஸருகே உருள்கிறது. நெல்டா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

"என்னிக்குண்ணே என் குறி தப்பிருக்கு?"