எல்லையில் ஒரு எலுமிச்சை

பழம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று எல்லை அதிகாரி குப்பைத்தொட்டியைக் காட்டினார். என் மனைவி தேன்மொழியின் கையில் இருந்தது, ஊரிலிருந்து கொண்டுவந்ததில் மிஞ்சிய ஒற்றை எலுமிச்சை. காய்ந்து கறுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு நாட்டின் வாசலிலும் ஒன்றை நசுக்கித்தான் எங்கள் வேனை அவள் நகர்த்துவாள். “போட்டுடு தேனு, வம்பு வேண்டாம்” என்றேன். “குப்பையில போடவா இத்தனை நாடு தாண்டிக் கொண்டாந்தேன்?” என்றவள், எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே முன்சக்கரத்தடியில் பழத்தை வைத்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தாள். பின்சீட்டில் பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பழம் உருண்டு கோட்டைத் தாண்டியது. அதிகாரி குனிந்து எடுத்தார். முகர்ந்தார். மறுபடி சக்கரத்தடியில் வைத்து, உருளாமலிருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, வா என்று கையசைத்தார். தேன்மொழி உடனே கிளம்பிவிடவில்லை. கண்ணாடியில் நிதானமாகப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.