பின்னிறக்கை

ராஜபாளையத்தில் பெண் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பரிபூரணம் மகனை எச்சரித்தாள். "ஏலே ஜோயல், இங்கயும் பூச்சிக் கதைய எடுத்துறாத. போன எடம் அதனாலதான் தட்டிப்போச்சு."

"சரிம்மா" என்றவன் செல்போனைப் பார்த்தான். வாட்ஸப் அந்துப்பூச்சிக் குழுவில் காலையில் அவன் போட்ட படத்துக்கு, 'சருகு' என்ற புனைபெயரில் எழுதும் ஐயாவின் பதில் இன்னும் வரவில்லை. மூன்று வருடமாக அவன் தப்பாகப் பெயர் சொல்லும் பூச்சிகளைத் திருத்துகிறவர் அவர்தான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் செத்த நேரம் தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் கொல்லைப்புறம் அனுப்பினார்கள். பிரிசில்லா தளவாய்புரத்தில் நைட்டிக்கு டிசைன் வரைகிறவள்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான் ஜோயல். அதற்குள் மாமரத்தில் காய்ந்த இலை மாதிரி ஒன்று கண்ணில் பட்டுவிட்டது.

"அசையாதீக! பழத்துல ஓட்டை போட்டுச் சாறு குடிக்கிற அந்து அது. பேரு..."

"அவசரப்படாதீக" என்றாள் பிரிசில்லா. "அதுல ரெண்டு மூணு வகை இருக்கு. மேல உள்ள முன்னிறக்கை எல்லாத்துக்கும் சருகு மாதிரிதான் இருக்கும். உள்ள மறைஞ்சிருக்க மஞ்ச இறக்கையில கறுப்புப் பொட்டு வட்டமா இருக்கா, வளைஞ்சிருக்கான்னு பாத்துட்டுப் பேரு வைங்க."

ஜோயல் திகைத்தான். "இதெல்லாம் உங்களுக்கு எப்படி...?"

"காலையில போட்ட படத்துலயும் பின்னிறக்கை தெரியல. மூணு வருசமாச் சொல்லுதேன். இனிமேலாவது ஒழுங்காப் படம் எடுப்பீகளா?"

பழக்கதோஷத்தில் ஜோயலின் வாய் தானாகச் சொன்னது:

"சரிங்க ஐயா!"