வெறும் வயிற்றில் ஒன்று

“பதினோரு வருஷமாவா வயித்து அமிலத்தை அடக்குற இந்த மாத்திரையைப் போடுறீங்க?”

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“தினமும் காலையில ஒண்ணு. ஒரு நாள் விட்டாலும் நெஞ்சு திகுதிகுன்னு எரியுது,” என்றார் எதிரே இருந்த பெரியவர். வயது அறுபத்திரண்டு. இரண்டு மாதமாக உள்ளங்கால் மரத்துக்கொண்டே வந்தது. போன வாரம் குளியலறையில் கால் வைத்த இடம் தெரியாமல் விழுந்தார். மனைவி கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

“முதல்ல எதுக்காக ஆரம்பிச்சீங்க?”

“முட்டி வலிக்கு மாத்திரை போட்டேன். அது வயித்தைப் புண்ணாக்கிடக் கூடாதேன்னு இதையும் சேர்த்து எழுதினதுதான்.”

“முட்டி வலி என்னாச்சு?”

“அது பத்தே நாள்ல போயிடுச்சு.”

“வலி போயிடுச்சு, மாத்திரை போகலையாக்கும்! அந்த டாக்டர் நிறுத்தச் சொல்லவே இல்லையா?”

“அவருக்கு எழுதத்தான் தெரியும் டாக்டரம்மா. கோடு போட்டு அடிக்கத் தெரியாது.”

அவர் விட்ட இடத்திலிருந்து மனைவி தொடர்ந்தாள். “கால் வலின்னாலும் அதான், காது வலின்னாலும் அதான். தும்மல்னு போனாக்கூடக் காலையில வெறும் வயித்துல ஒண்ணு! அவர் பேனாவுக்கு அது பிள்ளையார் சுழி. எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தாச்சு, காதுல ஏறினாத்தானே?”

“சோம்பேறி, வேற என்ன?” என்றார் பெரியவர். “வந்தவனை உட்கார வெச்சு நாலு கேள்வி கேக்க அஞ்சு நிமிஷம் வேணும். மாத்திரை எழுத அஞ்சு விநாடி போதும். அதுலயும் பெரிய கைராசிக்காரர்னு பேரு!”

டாக்டரம்மா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“சிரிக்கிற விஷயமில்லை ஐயா. இத்தனை வருஷம் அமிலத்தை அடக்கி வெச்சதுல பி-12 சத்து உடம்புல சேராமப் போயிருக்கு. அதான் கால் மரத்துப்போச்சு. இப்பவாவது வந்தீங்களே, ஊசி போட்டா தேறிடும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்திடலாம்.”

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“ஆனா ஒண்ணு,” என்றார் டாக்டரம்மா. “அவர் உங்க ஒருத்தருக்கு மட்டுமா எழுதியிருப்பார்? இன்னும் எத்தனை பேர் இப்படிக் கால் மரத்துப்போய் நடமாடுறாங்களோ, யார் கண்டா?”

பெரியவரின் முகத்திலிருந்த கேலி சட்டென்று வடிந்தது. மனைவி மெல்ல அவர் முழங்கையைத் தொட்டாள்.

“அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க டாக்டரம்மா,” என்றார் பெரியவர். “நல்லா உறைக்கிற மாதிரி.”

“கோவிச்சுக்க மாட்டாரே?”

“கோவிச்சுக்கட்டும். யார் யாருக்கு எழுதினாரோ அவங்க அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கணும்னு எழுதுங்க. கேப்பார்.”

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். “நோயாளி பேரு?”

பெரியவர் சொன்னார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார்.

“சரி, கடிதம் யாருக்கு? அந்த டாக்டர் பேரு?”

“இப்ப எழுதினீங்களே, அதேதான்,” என்றார் பெரியவர், தரையைப் பார்த்தபடி. “முன்னாடி ‘டாக்டர்’னு மட்டும் சேர்த்துக்கங்க.”